பகைவரைப் படைக்கும் அரசியல்

கிழக்கே வங்கக் கடலுக்கும் மேற்கே மட்டக்களப்பு வாவிக்கும் இடையில், கல்முனை வீதியைப் பற்றிக்கொண்டு நீளும் மணற்பாங்கான ஒடுங்கிய நிலத்தில், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிக்குடி என்று வரிசையாக அமைந்த எழுவான்கரை ஊர்களுள் ஒன்று தேற்றாத்தீவு. தோட்டத்து மிளகாயும் வெங்காயமும் வெற்றிலையும், வாவிக்கு அப்பால் படுவான்கரையில் கிடக்கும் வயல் வட்டைகளும், மீன்பிடியும், அரசாங்க உத்தியோகமும், மத்திய கிழக்கிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணமுமாகச் சீவனம் நடத்தும் இவ்வூர்களில் இருந்துகொண்டு பாசிசத்தைப் பற்றிப் பேசுவது, இத்தாலியிலும் ஜெர்மனியிலும் என்றோ மாண்டொழிந்த ஒரு பூதத்தை வீணே எழுப்புவதாகச் சிலருக்குத் தோன்றக்கூடும். அது மாண்டொழியவில்லை என்பதையும், அதன் சுபாவத்தை அறிந்துகொள்ள நாம் ஐரோப்பா வரை செல்ல வேண்டிய அவசியமில்லை என்பதையும், கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்த வாவிக்கரை கண்ட அனுபவங்களைக் கொண்டே எடுத்துக்காட்டலாம் என்பது என் துணிபு.

பாசிசம் என்றதும் சீருடை அணிந்த படைகளும், கைநீட்டி வணங்கும் கூட்டமும், மேடையில் முழங்கும் ஒரு தலைவனுமே நம் மனக்கண்முன் வருகின்றன. அவை அதன் வெளிக்கோலம். விலைவாசி ஏறி, வேலை குன்றி, கடன் பெருகி, நாளைய பொழுதைப் பற்றிய அச்சம் ஒரு சமூகத்தைப் பிடித்தாட்டும் வேளையில், அத்துன்பத்தை விளைவித்த பொருளாதார ஏற்பாட்டை நோக்கித் திரும்ப வேண்டிய மக்களின் கோபம், அதே துன்பத்தில் உழலும் அயலவன்மீது திருப்பிவிடப்படுவதும், அவ்வாறு திருப்பிவிடுவதையே அதிகாரத்திலிருப்போரும் செல்வமுடையோரும் தம் ஆட்சிக்கு அரணாக்கிக் கொள்வதுமே அதன் உயிர்நிலை. இந்த உயிர்நிலையைக் கண்டுகொண்டவனுக்கு, வெளிக்கோலம் எத்துணை மாறினாலும் ஆளை அடையாளம் காண்பது அரிதாகாது.

பாசிசம் பிறந்த வகை

முதலாம் உலக யுத்தம் முடிந்த பின்னர், வட இத்தாலியின் போ நதிப் பள்ளத்தாக்கிலே விவசாயக் கூலிகள் சங்கம் அமைத்துக் கூலி உயர்வு கேட்டபோது, அச்சங்கங்களின் அலுவலகங்களையும் கூட்டுறவுக் கடைகளையும் தீயிட்டுக் கொளுத்திய கருஞ்சட்டைக் குழுக்களுக்குப் பணமும் வாகனமும் கொடுத்து உதவியவர்கள் அப்பகுதி நிலப்பிரபுக்களே. 1922 அக்டோபரில் முசோலினி ரோமாபுரியில் பதவியேற்றபோது அவரை அழைத்துப் பிரதமராக்கியவர் அந்நாட்டு மன்னர். அதனைத் தடுத்திருக்கக்கூடிய கனவான்கள் பலர், தொழிலாளரின் எழுச்சியைக் காட்டிலும் இது தேவலாம் என்றெண்ணி வாளாவிருந்தனர். இரண்டு ஆண்டுகளுள், தேர்தல் மோசடிகளைப் பாராளுமன்றத்திலே துணிந்து எடுத்துரைத்த மத்தியோத்தி என்னும் சோஷலிச உறுப்பினர் கடத்திக் கொல்லப்பட்டார்.

ஜெர்மனியின் கதையும் இதற்கு வேறானதன்று. 1928ஆம் ஆண்டுத் தேர்தலில் நூற்றுக்கு மூன்று வாக்குகூடப் பெறாத நாசிக் கட்சி, 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியால் அறுபது இலட்சம் பேர் வேலையின்றித் தவித்த 1932ஆம் ஆண்டில் நூற்றுக்கு முப்பத்தேழு வாக்குகளைப் பெற்றது. 1933 ஜனவரி 30இல் ஹிட்லர் பதவியேற்று, மூன்று வாரங்கள் கழிந்த அளவில் பெருந்தொழிலதிபர்கள் சிலர் அவர்முன் கூடித் தேர்தல் நிதிக்கு இலட்சக்கணக்கில் பணம் அளிக்க இசைந்தனர். அவ்வாண்டு மே முதலாம் தேதியைத் தொழிலாளர் திருநாளாக வெகு விமரிசையுடன் கொண்டாடிய அவ்வரசாங்கம், மறுநாட் காலையில் தொழிற்சங்க அலுவலகங்கள் அனைத்தையும் கைப்பற்றி, அவற்றின் தலைவர்களைச் சிறையிலிட்டது. யூதர்மீது மூட்டப்பட்ட துவேஷத்தீயில் அம்மக்கள் வெந்து மடிந்த கொடுமையை உலகம் அறியும். அத்தீ மூட்டப்பட்ட முதல் ஆண்டிலேயே ஜெர்மானியத் தொழிலாளியின் சங்கமும் சம்பளம் கேட்கும் உரிமையும் சாம்பலாயின என்பதை நாம் அத்துணை நினைவில் வைத்திருப்பதில்லை.

திறந்த சந்தையும் மூடிய ஜனநாயகமும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1977ஆம் ஆண்டு ஜூலைத் தேர்தலில் 168 ஆசனங்களுள் 140ஐக் கைப்பற்றிய ஐக்கிய தேசியக் கட்சி, ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் தலைமையில் நாட்டின் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் எழுந்தது. எல்லோருக்கும் கிடைத்துவந்த பங்கீட்டு அரிசி போய், வறியோருக்கு மட்டுமான உணவு முத்திரை வந்தது. கொழும்பின் கடைவீதிகளில் காணாத பண்டமெல்லாம் குவிந்த அதே காலத்தில், வெளிநாட்டு வெங்காயமும் செத்தல் மிளகாயும் வந்திறங்கியதால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் நொடித்தான். வெளிநாட்டுத் துணி வந்து குவிந்ததால் மருதமுனையிலும் காத்தான்குடியிலும் கைத்தறிகள் ஓய்ந்தன. முன்னைய அரசாங்கத்தின் அனுமதிப் பத்திரங்களை நம்பித் தொழில் தொடங்கிய சிறு சிங்கள முதலாளியும் போட்டிக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் நிலைதளர்ந்தான். இந்த மனத்தாங்கல், தன்னைக் காட்டிலும் சற்றே நன்றாக வாழ்வதாகத் தோன்றிய தமிழ் வியாபாரியின்மீது பாய்வதற்கு ஏற்ற நிலம் எவ்வாறு பண்படுத்தப்பட்டது என்பதைச் சிங்களச் சமூகவியல் அறிஞரான நியூட்டன் குணசிங்க, 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் சூடு ஆறுமுன்னரே எழுதிய ஒரு கட்டுரையில் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்.

பொருளாதாரத்தைத் திறந்த கை ஜனநாயகத்தின் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தியது. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் தற்காலிக ஏற்பாடு என்ற பெயருடன் வந்தது. 1980 ஜூலையில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த 40,000க்கு மேற்பட்ட தொழிலாளர் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். அமைச்சர் சிறில் மத்தியூவின் தலைமையிலிருந்த ஜாதிக சேவக சங்கமய என்னும் ஆளுங்கட்சித் தொழிற்சங்கத்தின் அடியாட்கள், பிற சங்கத்தாரின் ஊர்வலங்களில் தடியும் சைக்கிள் சங்கிலியுமாகப் புகுந்தனர். 1981 மே மாத இறுதியில், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கென அமைச்சர்கள் இருவர் யாழ்ப்பாணத்தில் தங்கியிருந்தபோதே, தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களைக் கொண்ட யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1982இல் ஆளுங்கட்சி உறுப்பினர்களிடமிருந்து தேதியிடப்படாத இராஜினாமாக் கடிதங்களைப் பெற்று வைத்துக்கொண்ட ஜனாதிபதி ஜயவர்த்தனா, பொதுத் தேர்தலையே நடத்தாமல், அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் தேதி விளக்கு, குடம் என்னும் சின்னங்களுக்கு இடையே ஒரு சர்வசன வாக்கெடுப்பை வைத்துப் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டித்துக்கொண்டார். 1983 ஜூனில், பொலிஸாருக்கு எதிராகத் தீர்ப்பளித்த உயர் நீதிமன்ற நீதியரசர்களின் வீடுகள் கல்லெறிக்கு இலக்காயின.

இவ்வாறாக அடியாட்படை, அடங்கிய பாராளுமன்றம், அஞ்சிய நீதிமன்றம், முதுகெலும்பொடிந்த தொழிற்சங்கம் ஆகிய யாவும் ஆயத்தமாக இருந்த ஒரு நாட்டிலேதான் 1983 ஜூலை வந்தது. திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்ட செய்தியைச் சாக்காகக் கொண்டு, கொழும்பு வீதிகளில் இறங்கிய கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன; எந்த வீட்டில் தமிழர் இருக்கின்றனர், எந்த ஆலை தமிழருக்குச் சொந்தமானது என்பதை அவர்கள் விசாரித்து அறிய வேண்டியிருக்கவில்லை. அரசு எடுத்த கணக்கும் கும்பல் எடுத்த தடியும் ஓரிடத்தில் சந்தித்த நாட்கள் அவை. வெலிக்கடைச் சிறையினுள் இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட, எஞ்சியோர் நம் மட்டக்களப்புச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டனர். எரிந்த ஆலைகளில் வேலைசெய்த சிங்களத் தொழிலாளரும் தம் பிழைப்பை இழந்தனர். கலவரம் ஓய்ந்ததும் அரசாங்கம் தடைசெய்தது, கும்பல்களை ஏவியோரையன்று. கம்யூனிஸ்ட் கட்சி, நவ சமசமாஜக் கட்சி, ஜனதா விமுக்தி பெரமுன ஆகிய மூன்று இடதுசாரிக் கட்சிகளையே. தமிழரை அடித்த கையும் தொழிலாளரை அடக்கிய கையும் ஒன்றே என்பதற்கு இதைக் காட்டிலும் வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

அன்று தமிழருக்கென்று வார்க்கப்பட்ட ஆயுதம் பின்னர் யாரைத் தாக்கிற்று என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும். 1987க்கும் 1990க்கும் இடையில் தென்னிலங்கையின் ஆற்றங்கரைகளிலும் வீதியோரங்களிலும் எரிந்து கிடந்த உடல்கள் சிங்கள இளைஞர்களுடையவை. பயங்கரவாதத் தடைச் சட்டம் நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்து, 2022 ஆகஸ்டில், பொருளாதார நெருக்கடியில் எழுந்த அரகலயப் போராட்டத்தில் முன்னின்ற பல்கலைக்கழக மாணவர் தலைவர்களின்மேலும் பாய்ந்தது. அயலவனுக்காக வெட்டப்படும் குழியில் தானும் விழக்கூடும் என்பதை எந்தப் பெரும்பான்மைச் சமூகமும் காலங்கடந்தே உணர்கிறது.

வாவிக்கரையின் அனுபவம்

மட்டக்களப்பில் தமிழரும் முஸ்லிம்களும் புட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தவர்கள் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவ்வுறவு வெறும் நல்லெண்ணத்தின் மேல் நின்றதன்று. ஒருவர் வயலில் மற்றவர் உழைத்ததும், ஒருவர் கடையில் மற்றவர் கடனுக்கு வாங்கியதும், ஒருவர் வள்ளத்தில் பிடித்த மீனை மற்றவர் கொண்டுபோய் விற்றதும், தாய்வழியாக வரும் குடிமுறை இரு சமூகத்தாருக்கும் பொதுவாக இருந்ததும் சேர்ந்து நெய்த உறவு அது. அதில் ஏற்றத்தாழ்வும் மனக்கசப்பும் இல்லாமலில்லை; ஆயினும், ஒருவரையொருவர் வேண்டியிருந்தமையால் ஒருவரையொருவர் அழிக்க நினைக்கவில்லை.

யுத்தம் அந்நெசவைக் கிழித்தது. 1987 ஜனவரி 28இல் கொக்கட்டிச்சோலைப் பகுதியில், அந்நிய முதலீட்டுடன் நடந்துவந்த ஓர் இறால் பண்ணையில் புகுந்த விசேட அதிரடிப்படை, அங்கு கூலிவேலை செய்த ஏழைத் தமிழரைச் சுட்டுக் கொன்றது. 1990 செப்டம்பரில் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தோருள் 158 பேர் இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பவேயில்லை; சில நாட்களில் சத்துருக்கொண்டானில் குழந்தைகள் உட்பட நூற்றெண்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இவற்றை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம், நினைவுகூரத்தான் வேண்டும்.

ஆனால் அதே ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் தேதி இரவு, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றவர்கள் தமிழரின் விடுதலையைப் பெயராகக் கொண்ட இயக்கத்தினர். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர், ஜூலை 12இல், கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்குத் திரும்பிய முஸ்லிம்கள், அவர்களுள் ஹஜ் கடமையை முடித்து வந்தோரும் இருந்தனர், குருக்கள்மடத்தருகே வழிமறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். குருக்கள்மடம் தேற்றாத்தீவுக்கு அயலூர். அவ்வீதி நாம் நாள்தோறும் போய்வரும் வீதி. உடல்கள் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் இடத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்ற உறவினரின் முறையீடு களுவாஞ்சிக்குடி நீதிமன்றத்தை எட்டுவதற்கே இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் மிகக் குறுகிய அவகாசத்தில் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டனர்.

ஒடுக்கும் அரசையும் ஒடுக்குதலுக்கு எதிராக எழுந்த ஓர் இயக்கத்தையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது நியாயமாகாது. நம் மக்களின் துயரம் மெய்யானது. அவர்கள் எழுந்ததற்குக் காரணம் உண்டு. ஆயினும், தாமே ஏகப் பிரதிநிதிகள் என்ற வாதமும், பிற இயக்கத்தாரைக் கொன்றொழித்ததும், கேள்வி கேட்டவரைத் துரோகி என்று முத்திரை குத்தியதும், அயற் சமூகம் ஒன்றை முழுதாகவே பகையாகக் கண்டதும், எந்த நோயை எதிர்த்து எழுந்தோமோ அந்த நோயின் கிருமி நம் இரத்தத்திலும் கலந்துவிட்டதற்கு அடையாளங்கள். இராணுவத்தின் கொடுமையையும் இயக்கங்களின் கொடுமையையும் ஒரே அளவுகோலால் அளந்து, ‘முறிந்த பனை’ என்னும் நூலை மூன்று நண்பர்களுடன் சேர்ந்து எழுதிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளர் ராஜனி திராணகம, 1989 செப்டம்பர் 21ஆம் தேதி தம் வீட்டுக்கு அருகில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். உண்மை பேசிய ஒரு பெண்ணைப் பொறுக்கமாட்டாத அரசியல் எதுவாயினும், அது எவருக்கு விடுதலை கொண்டுவரும்?

யுத்தம் ஓய்ந்த கிழக்கில் துப்பாக்கி தேர்தலுக்குள் நுழைந்தது. 2008 மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டத்தில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது, இயக்கத்திலிருந்து பிரிந்து அரசுடன் சேர்ந்த ஒரு பிரிவினர், ஆயுதங்களைக் கைவிடாமலே அரசியற் கட்சியாக வாக்குக் கேட்டனர். கிழக்கு மாகாணத்தான் வடக்காரால் புறக்கணிக்கப்பட்டான் என்ற குறை பொய்யன்று; அந்த நியாயமான குறையே ஆயுதக் குழுவின் ஆதிக்கத்துக்கு முகமூடியானதுதான் பரிதாபம்.

மாக்கட்டி ஒன்று செய்த வேலை

இக்காலத்தில் ஒரு கும்பலைத் திரட்ட வாக்காளர் இடாப்பும் வேண்டியதில்லை. 2018 பெப்ரவரி இறுதியில் ஓர் இரவு, அம்பாறை நகரிலிருந்த முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் உண்ணவந்த ஒருவர், கறியில் வெள்ளையாக ஏதோ கட்டி கிடக்கக் கண்டு, சிங்களவருக்குப் பிள்ளைப்பேறு உண்டாகாமலிருக்க மாத்திரை கலந்திருக்கிறார்கள் என்று கூச்சலிட்டார். காசாளராக நின்றவருக்குச் சிங்களம் சரிவரத் தெரியாது. சூழ்ந்து நின்ற கூட்டம் அதட்டிக் கேட்டபோது, கேள்வி விளங்கியும் விளங்காமலும் அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் கைபேசியில் படமாகிச் சில மணி நேரத்தில் ஊரெங்கும் பரவ, கடைகளும் ஒரு பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசாங்கப் பகுப்பாய்வாளர் பின்னர் பரிசோதித்தபோது அது வெறும் மாக்கட்டி. உணவில் கலந்து கொடுத்து மனிதரை மலடாக்கும் மாத்திரை வைத்திய உலகிலேயே இல்லை. ஆனால் பகுப்பாய்வாளரின் அறிக்கை வருமுன்னரே பொய் கண்டியை எட்டிவிட்டது. மார்ச் முதல் வாரத்தில் திகனையிலும் அயலூர்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன, நாட்டில் அவசரகால நிலை பிரகடனமாயிற்று.

இப்பொய்யைச் சுமந்துசென்ற முகநூல் நிறுவனம், அக்கலவரத்தில் தன் மேடை பயன்பட்டதற்காக இரண்டு ஆண்டுகள் கழித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. மனிதர் எவ்வளவு நேரம் திரையைப் பார்த்திருக்கிறார்கள் என்பதை விளம்பரமாக விற்றுப் பிழைக்கும் ஒரு வியாபாரத்துக்கு, அச்சமும் ஆத்திரமும் எழுப்பும் செய்தியே அதிக இலாபம் தருவது. முன்பு போ நதிக்கரையில் நிலப்பிரபு கொடுத்த வாகனத்தின் இடத்தை இன்று எவரும் நேரடியாகப் பணங்கொடுக்காமலே இந்தக் கருவி நிரப்பிவிடுகிறது.

இதனைச் சிங்களவரின் வியாதி என்று ஒதுக்கிவிடவும் நமக்கு உரிமையில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் பலர் உட்பட நம்மவர் பலர் குண்டுவெடிப்பில் மாண்டபோது, அதைச் செய்த ஒரு சிறு கூட்டத்தின் பாவத்தை ஒரு சமூகம் முழுவதன் தலையிலும் சுமத்தி, முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர் என்ற குரல் நம் ஊர்களிலும் ஒலித்தது. வடஇந்தியாவின் இந்துத்துவ அரசியலை அப்படியே பெயர்த்துவந்து 2016இல் இங்கே சிவசேனை என்ற பெயரில் ஓர் அமைப்பும் தோன்றிற்று. 1983இல் எரிந்த கடைகளின் உரிமையாளர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் இன்னொருவனின் கடையைப் பகிஷ்கரிக்கச் சொல்வது, நம் துயரத்திலிருந்து நாம் ஒன்றையும் கற்கவில்லை என்பதையன்றி வேறெதைக் காட்டும்?

சபைகள் வெறுமையாய்க் கிடந்த காலம்

உள்ளூர் அரசியலில் இப்போக்கு எவ்வாறு வேலைசெய்கிறது என்பதை இரண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு காணலாம். முதலாவது மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரை. மட்டக்களப்பின் மேற்கெல்லையில் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த பண்ணையாளரின் தரையிலே, பிற மாவட்டங்களிலிருந்து வந்த சிங்கள விவசாயிகள் காடுவெட்டிப் பயிர் செய்யத் தலைப்பட, 2023 செப்டம்பரிலிருந்து பண்ணையாளர் சித்தாண்டியில் அமர்ந்து தொடர்ந்து போராடினர். அங்கே பயிர்செய்ய வந்தவனும் நிலமற்ற ஏழையே. மாட்டை இழப்பவனும் ஏழையே. ஏழையை ஏழைக்கு எதிராக நிறுத்தி, அதற்கு வரலாறு என்றும் உரிமை என்றும் பெயரிட்டுப் பின்னின்று நடத்துவோர் வேறெங்கோ இருக்கின்றனர். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள்களைக் காப்பதற்கென்று பாதுகாப்புச் செயலாளரின் தலைமையில் ஒரு ஜனாதிபதி செயலணி அமைந்தபோது, தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாய் வாழும் அம்மாகாணத்திலிருந்து அவ்விரு சமூகத்தாருள் ஒருவர்கூட அதில் இடம்பெறாததும் இதே பின்னணியில் வைத்து நோக்கத்தக்கது.

இரண்டாவது நிகழ்ச்சி ஓசையின்றி நடந்தது. 2022இல் நாடு கடனைத் திருப்பிக் கொடுக்க மாட்டாமல் முறிந்து, அரிசிக்கும் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் வரிசையில் நின்றதை எவரும் மறந்திருக்க முடியாது. அதன் பின்னர் 2023 மார்ச் 9இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், கருவூலத்தில் பணமில்லை என்ற காரணத்தால் நடவாமற் போயிற்று. மார்ச் 19ஆம் தேதி நள்ளிரவுடன் நாடெங்குமுள்ள சபைகளின் ஆயுள் முடிந்தது. மறுநாள் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ முந்நூறு கோடி டொலர் கடன் திட்டத்துக்கு அனுமதி அளித்தது. களுவாஞ்சிக்குடியிலுள்ள மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச சபை உட்பட, நம் வீட்டு வாசல் வடிகாலுக்கும் தெருவிளக்குக்கும் சந்தைக்கும் பொறுப்பான சபைகளெல்லாம், 2025 மே 6இல் தேர்தல் நடக்கும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகளின்றி உத்தியோகத்தரின் கையில் கிடந்தன. தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரி உயர்வும் மின்கட்டண உயர்வும் மக்களின் கழுத்தை நெரித்த அக்காலத்தில்தான், அவர்களுக்கு மிக அருகிலிருந்த வாக்குப்பெட்டி மூடப்பட்டிருந்தது என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஜனநாயகத்தை ஒழிக்க எப்பொழுதும் கும்பல் வேண்டியதில்லை. பணமில்லை என்ற ஒரு சொல்லும் மக்களின் அசட்டையும் போதும்.

செய்யவேண்டியவை

கோபத்துக்கு உண்மையான இலக்கைக் காட்டுவதே பாசிசத்துக்கு மாற்று. அது நடவாத காரியமன்று. நுண்கடன் கம்பனிகளின் வட்டியால் அல்லலுற்ற பெண்கள் மட்டக்களப்பில் எத்தனை வீடுகளில் இருக்கின்றனர் என்பது நம் ஊரவர் அறிந்தது. தவணை அறவிட வருபவரின் மோட்டார் சைக்கிள் ஓசை கேட்டுப் பின்வளவில் மறைந்து நின்ற தாய்மாரின் வாழ்க்கை அது. 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் அக்கடனுக்கு எதிராகச் சிங்களப் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தபோது, பிற மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் பெண்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டனர். கடன்பட்டவளின் நெஞ்சம் எந்த மொழியிலும் ஒன்றுபோலவே கலங்கும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். 1956 ஜூன் 5இல் தமிழ்ச் சத்தியாக்கிரகிகள் அடித்து நொறுக்கப்பட்ட அதே காலிமுகத்திடலில், 2022 மே 18ஆம் தேதி சிங்கள இளைஞர் முள்ளிவாய்க்காலில் மாண்டோருக்காகத் தீபமேற்றிக் கஞ்சி குடித்ததும் பொருளாதாரத் துன்பம் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்திய பின்னரே சாத்தியமாயிற்று. துன்பம் துவேஷமாகவும் மாறலாம், ஐக்கியமாகவும் மாறலாம். எந்த வழியிற் செல்லும் என்பது, அத்துன்பம் வருமுன்னரே நாம் என்னென்ன ஸ்தாபனங்களைக் கட்டி வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஆதலால் நம் ஊர்களில் இனத்தால் அமையாமல் தொழிலால் அமைந்த சங்கங்கள் வலுப்பெற வேண்டும். வாவியில் மீன் குறைந்துபோவது தமிழ் வலைக்கும் முஸ்லிம் வலைக்கும் பொதுவான நட்டம். நெல்லின் விலையை ஆலை முதலாளி தீர்மானிப்பது இருசாராரின் வட்டைக்கும் பொதுவான அநியாயம். கூட்டுறவுச் சங்கத்திலும் கோயில் பரிபாலன சபையிலும் விளையாட்டுக் கழகத்திலும் வரவுசெலவைப் பொதுக்கூட்டத்தில் வைக்கும்படி ஒரு சாமானியன் எழுந்து கேட்கவும், கேட்டவனை எவரும் அதட்டி உட்காரவைக்காதிருக்கவும் பழக வேண்டும். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரைக் கேள்வி கேட்கப் பழகாத ஊர், அமைச்சரைக் கேட்கப்போவதில்லை. கைபேசியில் வரும் ஒரு செய்தி பிற சமூகத்தாரை இழித்துரைப்பதாயின், அது மெய்யென்று தெரியும்வரை அடுத்தவருக்கு அனுப்புவதில்லை என்ற ஒரு விரதத்தை ஒவ்வொரு குடும்பமும் மேற்கொள்ளலாம். சத்துருக்கொண்டானுக்கு நீதி கேட்கும் நாம், குருக்கள்மடத்துப் புதைகுழி திறக்கப்பட வேண்டும் என்று அதே குரலில் கேட்க வேண்டும். நமக்கு வேண்டிய நீதியை நாம் மெய்யாகவே விரும்புகிறோமா என்பதற்கு அதுவே உரைகல்.

தேர்தல் மீண்டும் வரும். பிரதேச சபைக்கோ மாகாண சபைக்கோ வாக்குக் கேட்டு வேட்பாளர் நம் படலையைத் திறந்துகொண்டு வருவார். தோட்டக்காரனின் வெங்காயத்துக்கு நியாய விலைக்கு என்ன வழி, கடன்பட்ட பெண்களுக்கு என்ன வழி, மாரியில் வெள்ளம் வடிய என்ன வழி, சபையின் கணக்கை மக்கள் பார்க்க என்ன வழி என்று அவரிடம் கேட்போம். வேறொரு சமூகத்தைப் பகையாகச் சுட்டாமல் இக்கேள்விகளுக்கு விடைசொல்ல இயலாத எவருக்கும், அவர் நம் ஊராராயினும் நம் குடியாராயினும், வாக்கில்லை என்று ஒவ்வோர் ஊரும் தீர்மானிக்கட்டும்.